நிலநடுக்கோட்டு மின்தாரை

நிலநடுக்கோட்டு மின்தாரை என்பது புவியின் காந்த நடுக்கோட்டுக்கு மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பாயும் ஒடுக்கமான மின்னோட்டம் ஆகும். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 600 கிலோமீட்டர் அகலமும், மேல்கீழாகச் சில பத்துக் கிலோமீட்டருக்கும் குறைந்த தடிப்பும் கொண்ட இது, புவியின் பகற்பக்கத்தில் விரித்த ஒரு நாடாவைப் போல அமைந்துள்ளது. இந்நாடாவில் பாயும் மொத்த மின்னோட்டம் பல பத்தாயிரம் ஆம்பியர் அளவினது. சூரியன் எழும்போது தோன்றி, நண்பகலை ஒட்டி உச்சமடைந்து, மாலையில் மறைகின்றது.

இந்தியாவில் மின்தாரை தமிழ்நாடு, கேரளம் ஆகியவற்றின் தென்பகுதிகளுக்கு மேலே செல்கின்றது. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களும், கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் ஆகிய ஊர்களைக் கொண்ட கரிசல் நிலப்பரப்பும் இதன் கீழேயே உள்ளன. மானாவாரிப் பருத்தியும் உளுந்தும் விளையும் இந்நிலத்தில் மேகத்தைத் தேடி வானத்தைப் பார்ப்பது வழக்கம். மேகங்களுக்கு வெகு உயரத்தில் ஓடும் இம்மின்னோட்டம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. துருவ ஒளியைப் போல இது வானை ஒளிரச் செய்வதும் இல்லை. தரையில் வைக்கப்பட்ட காந்தமானியின் அளவுகளில் ஏற்படும் சிறு மாற்றத்தின் வாயிலாகவே இது முதலில் அறியப்பட்டது.

காந்த நடுக்கோடு

புவியின் காந்தப்புலத்தைக் கட்புலனாகாத கோடுகளாக எண்ணிக்கொள்வது வழக்கம். துருவங்களை அண்டிய பகுதிகளில் இக்கோடுகள் ஏறக்குறையச் செங்குத்தாகத் தரைக்குள் இறங்குகின்றன. காந்த நடுக்கோட்டில் அவை தரைக்கு இணையாக, தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்கின்றன. மேலும் கீழும் தடையின்றி அசையக்கூடிய காந்த ஊசி ஒன்று இங்கு சற்றும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும். இதனால் இக்கோடு சாய்வு நடுக்கோடு எனவும் அழைக்கப்படுகின்றது.

காந்த நடுக்கோடும் புவியியல் நிலநடுக்கோடும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தென் அமெரிக்காவில் காந்த நடுக்கோடு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே செல்கின்றது. இந்தியப் பகுதியில் வடக்கே ஏறித் தீபகற்பத்தின் தென்முனையை ஒட்டிச் செல்கின்றது. தமிழ்நாடு நிலநடுக்கோட்டிலிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் விலகி இருந்தும், "நிலநடுக்கோட்டு" என்ற அடைமொழி கொண்ட மின்தாரை அதன் தலைக்கு மேல் ஓடுவதன் காரணம் இதுவே.

இக்கோடு நிலையானதும் அன்று. புவியின் உட்கருவில் நிகழும் மாற்றங்களால் அது மெல்ல இடம் பெயர்கின்றது. 1960களிலும் 1970களிலும் வெளியான ஆய்வுக் கட்டுரைகள் திருவனந்தபுரத்தைக் காந்த நடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருப்பதாகக் குறிப்பிடுகின்றன. பிற்காலக் கட்டுரைகளில் அதே ஊர் சற்று வடக்கே இருப்பதாகக் குறிக்கப்படுகின்றது. நகர்ந்தது கோடு. எனவே மின்தாரையைப் பற்றிய பழைய அளவீட்டையும் புதிய அளவீட்டையும் ஒப்பிடுவோர், அந்த ஆண்டில் காந்த நடுக்கோடு எங்கே இருந்தது என்பதை முதலில் பார்த்தாக வேண்டும்.

துருவப் பகுதியுடன் ஒப்பீடு

ஏறத்தாழ இதே உயரத்தில் வலிமையான மின்தாரைகள் பாயும் வேறிடம் துருவ ஒளி வலயம் ஆகும். உயரம் ஒன்றாயினும் இரண்டும் பிறக்கும் விதம் வேறு. அந்த வேறுபாட்டை அறிந்தால் நம் தலைக்கு மேலுள்ள மின்தாரையை விளங்கிக்கொள்வது எளிது.

துருவப் பகுதியில் காந்தக் கோடுகள் செங்குத்தாக இருப்பதால், காந்தக்கோளத்தின் மின்துகள்கள் அவற்றின் வழியே வளிமண்டலம் வரை இறங்க முடியும். இவ்வாறு காந்தக் கோடுகளின் வழியே மின்னோட்டம் பாய்கின்றது என நார்வே நாட்டு இயற்பியலாளர் கிறித்தியன் பிர்க்கெலாந்து 1908-இல் கூறினார். பல ஆண்டுகள் இக்கருத்து ஏற்கப்படவில்லை. தரையிலுள்ள காந்தமானிகளைக் கொண்டு மட்டும் இதை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ முடியாமல் இருந்ததே அதற்குக் காரணம். 1960களில் செயற்கைக்கோள் ஒன்றில் இருந்த காந்தமானி துருவ வலயத்தின் மேல் பதிவு செய்த மாற்றங்களை, சுமுதாவும் அவருடைய குழுவினரும் 1966-இல் வெளியிட்ட பின்னரே நிலைமை மாறியது.

இறங்கும் எதிர்மின்னிகளுக்கு அவ்வளவு ஆற்றல் எங்கிருந்து கிடைக்கின்றது என்பது அடுத்த வினா. 1960-இல் மெக்கில்வெய்ன் கனடாவிலிருந்து ஏவிய ஏவூர்திகளின் அளவீடுகள், ஒளி வளைவுகளை உண்டாக்கும் எதிர்மின்னிகள் பெரும்பாலும் ஒரே அளவான ஆற்றலுடன், ஏறத்தாழ 6 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுடன், வருவதைக் காட்டின. ஒரே மின்னழுத்த வேறுபாட்டின் ஊடாக விழுந்து வந்தவற்றுக்கே இவ்வாறு ஆற்றல் ஒத்திருக்கும். இன்ஜுன்-5 செயற்கைக்கோளின் தரவுகளிலிருந்து 1971-இல் பிராங்க், ஆக்கர்சன் ஆகியோர் மேலும் ஒரு தடயத்தைத் தந்தனர். செயற்கைக்கோள் ஒளி வலயத்தைக் கடக்கையில் எதிர்மின்னிகளின் ஆற்றல் படிப்படியாக உயர்ந்து, உச்சம் தொட்டு, மீண்டும் இறங்கியது. வரைபடத்தில் இது தலைகீழ் 'வி' எழுத்தைப் போலத் தோன்றியது. 1976-இல் ஏவப்பட்ட எஸ்3-3, ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் வரை உயர்ந்து, இம்முடுக்கம் நிகழும் இடத்திலேயே வலிமையான மின்புலங்களை அளந்தது. 1986-இல் சுவீடனின் வைக்கிங்கும், 1996 ஆகஸ்டில் ஏவப்பட்டு 2009 வரை இயங்கிய நாசாவின் பாஸ்ட் செயற்கைக்கோளும் இதனை நுணுக்கமாக ஆராய்ந்தன. ஒளி வளைவுக்கு மேலே சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில், காந்தக் கோட்டுக்கு இணையான மின்புலம் எதிர்மின்னிகளைக் கீழ்நோக்கி முடுக்குகின்றது என்பது இவற்றால் உறுதியாயிற்று. அருகிலேயே எதிர்மின்னிகளை மேல்நோக்கி முடுக்கும் பகுதிகளும் உள்ளன. மின்சுற்று முழுமை பெற இரண்டும் தேவை.

தென் தமிழ்நாட்டின் மேல் இவ்வாறு நிகழ வழியில்லை. இங்கு காந்தக் கோடுகள் கிடையாக இருப்பதால், அவற்றின் வழியே மேலிருந்து எதுவும் இறங்க இயலாது. துருவ மின்தாரையின் ஆற்றல் காந்தக்கோளத்திலிருந்து வருகின்றது. நிலநடுக்கோட்டு மின்தாரையின் ஆற்றல் சூரிய வெப்பத்தால் வளிமண்டலத்தில் எழும் காற்றிலிருந்து வருகின்றது. முன்னது இரவில் பேரொளியுடன் கொந்தளிக்கும். பின்னது பெரும்பாலான நாட்களில் காலையில் எழுந்து மாலையில் அடங்கும். ஆயினும் இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. அதனைக் காந்தப் புயல்கள் என்னும் பகுதியில் காண்க.

உருவாகும் விதம்

சூரியனின் புறவூதாக் கதிர்களும் எக்சு கதிர்களும் மேல் வளிமண்டல மூலக்கூறுகளைப் பிளந்து, எதிர்மின்னிகளையும் நேர்மின் அயனிகளையும் உண்டாக்குகின்றன. இதனால் அப்பகுதி மின்கடத்தியாகின்றது. பகல் வெப்பத்தால் வளிமண்டலம் நாள்தோறும் விரிந்து சுருங்குவதால் பெரிய அளவிலான காற்றோட்டங்கள் தோன்றுகின்றன. இவற்றை வளிமண்டல ஓதங்கள் என்பர். மின்கடத்தும் காற்று காந்தப்புலத்தின் ஊடே நகரும்போது, மின்னாக்கியில் நிகழ்வதைப் போலவே, மின்புலம் உண்டாகின்றது. காந்த நடுக்கோட்டில் பகலில் இம்மின்புலம் கிழக்கு நோக்கியது. அளவில் மிகச் சிறியது. மீட்டருக்கு அரை மில்லிவோல்ட் அளவே.

இவ்வளவு சிறிய மின்புலம் இவ்வளவு பெரிய மின்னோட்டத்தை எவ்வாறு செலுத்துகின்றது? விடை காந்தக் கோடுகளின் கிடைநிலையில் உள்ளது. மின்புலம் கிழக்காகவும் காந்தப்புலம் வடக்காகவும் இருக்கையில், தடையின்றி நகரும் மின்துகள் அவ்விரண்டுக்கும் செங்குத்தாக, அதாவது மேல்நோக்கி, மிதந்து செல்லும். 105 கிலோமீட்டர் உயரத்தில் கனமான அயனிகள் காற்று மூலக்கூறுகளுடன் ஓயாமல் மோதுவதால் காந்தப்புலத்தின் பிடிக்குள் வராமல் காற்றோடு நின்றுவிடுகின்றன. இலேசான எதிர்மின்னிகள் மட்டும் மேலே செல்கின்றன. விளைவாக மேற்பகுதியில் எதிர்மின்னேற்றமும் கீழ்ப்பகுதியில் நேர்மின்னேற்றமும் குவிகின்றன. இக்குவிப்பு கீழிருந்து மேல் நோக்கிய புதிய மின்புலம் ஒன்றை உருவாக்குகின்றது. அது மூல மின்புலத்தைப் போல 10 முதல் 20 மடங்கு வலிமை வாய்ந்தது.

இப்போது மேல்நோக்கிய மின்புலமும் வடக்கு நோக்கிய காந்தப்புலமும் சேர்ந்து எதிர்மின்னிகளை மேற்கு நோக்கி வேகமாக ஓட்டுகின்றன. எதிர்மின்னிகள் மேற்கே ஓடினால் மின்னோட்டம் கிழக்கே பாய்வதாகப் பொருள். அதுவே மின்தாரை.

மின்பொறியியல் பயின்றோருக்கு இது ஹால் விளைவை நினைவூட்டும். வாய்க்காலை உவமையாகக் கொண்டும் இதனைப் பார்க்கலாம். பக்கவாட்டில் மடைகள் திறந்திருந்தால் நீர் வயல்களுக்குள் பரவி வேகம் இழக்கும். மடைகளை அடைத்துவிட்டால் முழு நீரும் வாய்க்கால் வழியே விரையும். காந்த நடுக்கோட்டில் கிடையான காந்தக் கோடுகள் குவிந்த மின்னேற்றத்தை வழிந்தோட விடுவதில்லை. வடக்கிலோ தெற்கிலோ சில பாகைகள் விலகினால் கோடுகள் சாயத் தொடங்குகின்றன. மின்னேற்றம் அவற்றின் வழியே கசிந்துவிடுகின்றது. மின்தாரை 600 கிலோமீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடுவதன் காரணம் இதுவே. இவ்வாறு உயர்ந்த கடத்துதிறன், தாமசு கௌலிங் என்பவரின் பெயரால் கௌலிங் கடத்துதிறன் என வழங்கப்படுகின்றது.

கண்டறியப்பட்ட வரலாறு

அமெரிக்காவின் கார்னகி நிறுவனம் பெரு நாட்டின் உவான்காயோவில் அமைத்த காந்த நோக்ககம் 1922-இல் பதிவுகளைத் தொடங்கியது. காந்தப்புலத்தின் கிடைக்கூறு நாள்தோறும் ஏறி இறங்கும் அளவு, மற்ற இடங்களில் எதிர்பார்க்கப்படுவதைப் போல இரு மடங்குக்கும் மேலாக அங்கே இருந்தது. அது உவான்காயோவின் தனித்தன்மையா, காந்த நடுக்கோடு முழுமைக்கும் பொதுவானதா என்பது நீண்ட நாள் தெளிவாகவில்லை. பல நோக்ககங்களின் அளவுகளை ஒப்பிட்ட டென்மார்க்கின் எகெதால், இம்மிகுதி காந்த நடுக்கோட்டை ஒட்டியே உள்ளது என 1947-இல் காட்டினார். 1951-இல் சிட்னி சாப்மன் இதற்கு மின்தாரை எனப் பெயரிட்டார்.

தென்னிந்தியாவில் காந்த நடுக்கோட்டைத் தேடும் பணி இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. சென்னை நோக்ககத்தின் டெய்லரும் திருவனந்தபுரம் நோக்ககத்தின் கால்டிகாட்டும் தென்னிந்தியா நெடுகிலும் காந்த ஊசியின் சாய்வை அளந்து 1839-இல் வெளியிட்டனர். கால்டிகாட்டுக்குப் பின் 1852-இல் திருவனந்தபுரம் வந்த ஜான் ஆலன் புரூண், திருநெல்வேலிச் சீமைக்கும் திருவிதாங்கூருக்கும் எல்லையான அகத்தியமலையின் உச்சியில் 1855-இல் ஒரு காந்த நோக்ககத்தையே கட்டினார். மலையுச்சியிலும் சமவெளியிலும் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிடுவது அவர் நோக்கம். யானைக் காட்டுக்கு நடுவே, மழையும் மூடுபனியும் சூழ்ந்த உச்சியில், கருவிகளையும் ஆட்களையும் கொண்டு சென்று எடுத்த இவ்வளவீடுகள் 1874-இல் நூலாக வெளிவந்தன. மின்தாரை என்ற கருத்தே பிறவாத காலத்தில் அதன் கீழே செய்யப்பட்ட பணி இது.

தென் தமிழ்நாட்டு நோக்ககங்கள்

பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டி 1957 நவம்பரில் திருவனந்தபுரத்திலும் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரிலும் காந்த நோக்ககங்கள் தொடங்கப்பட்டன. கொடைக்கானலில் 1902 முதல் 1923 வரை நடந்து நின்ற காந்தப் பதிவு 1949-இல் மீண்டும் தொடங்கப்பட்டிருந்தது. ஆகவே மின்தாரையின் நடுப்பகுதி, அதன் வடபுறம், அதன் விளிம்பு ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் கண்காணிக்கப்பட்டன. இந்திய மின்தாரை ஆய்வின் வலிமை இந்த நோக்ககச் சங்கிலியிலிருந்தே வந்தது எனலாம்.

கரிசல் நிலத்தில் இச்சங்கிலியின் கண்ணி எட்டயபுரம் ஆகும். பாரதியார் பிறந்த ஊராகவே பெரும்பாலோர் அறிந்த இவ்வூர், கோவில்பட்டிக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஐதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் இங்கு ஒரு காந்த நோக்ககத்தை அமைத்தது. பன்னாட்டுத் தரவு மையங்களில் இது 'ஈடிடி' என்ற மூன்றெழுத்துக் குறியீட்டால் அறியப்படுகின்றது. எட்டயபுரத்தின் அளவிலிருந்து, மின்தாரைக்கு வெளியே உள்ள ஐதராபாத்தின் அளவைக் கழித்துக் கிடைக்கும் எண், 1980களிலிருந்து பல ஆய்வுகளில் மின்தாரையின் வலிமையைக் குறிக்கும் அளவாகக் கையாளப்பட்டுள்ளது.

கழித்தல் ஏன் தேவைப்படுகின்றது என்பதை விளக்க வேண்டும். காந்தமானி காட்டும் மாற்றத்தில் மின்தாரையின் பங்கு மட்டும் இல்லை. உலகளாவிய அன்றாட மின்னோட்டத்தின் பங்கும், புவியைச் சுற்றி வெகு தொலைவில் ஓடும் வளைய மின்னோட்டத்தின் பங்கும் அதில் கலந்துள்ளன. இவை எட்டயபுரத்தையும் ஐதராபாத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிக்கின்றன. எனவே ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் எஞ்சுவது பெரும்பாலும் மின்தாரையின் பங்கே ஆகும். மின்னோட்டம் தலைக்கு மேல் கிழக்காகப் பாயும்போது தரையில் அதன் காந்தப்புலம் வடக்கு நோக்கியதாக இருக்கும். புவியின் புலமும் வடக்கு நோக்கியது. ஆகையால் நண்பகலில் கிடைக்கூறு உயர்கின்றது. இவ்வுயர்வு பொதுவாக 50 முதல் 100 நானோடெஸ்லா. இப்பகுதியில் புவியின் மொத்தப் புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. அதாவது 400-இல் ஒரு பங்கு, அல்லது அதனினும் குறைவு. கடையில் வாங்கும் திசைகாட்டியில் இதனைக் காண முடியாது.

இவ்வளவு சிறிய மாற்றத்தை அளக்கும் இடம் காந்த அமைதி உடையதாக இருத்தல் இன்றியமையாதது. இரும்புக் கம்பி, வாகனம், நேர்மின்னோட்டத்தில் இயங்கும் இருப்புப்பாதை ஆகிய ஒவ்வொன்றும் கேடு விளைவிக்கும். நோக்ககக் கட்டடத்தில் இரும்பு ஆணிகூட இருக்கக் கூடாது. மும்பையில் மின்சார டிராம் வண்டிகள் ஓடவிருந்ததால், கொலாபாவில் நடந்துவந்த காந்தப் பதிவு 1904-இல் கடலுக்கு அப்பால் உள்ள அலிபாக்குக்கு மாற்றப்பட்டது நன்கறியப்பட்ட வரலாறு. நகரம் வளர வளர நோக்ககம் விலகிச் செல்ல வேண்டியுள்ளது. ஆனால் மின்தாரை நோக்ககம் விலகிச் செல்வதற்கு ஓர் எல்லை உண்டு. காந்த நடுக்கோட்டை விட்டு மூன்று பாகை நகர்ந்துவிட்டால் அளக்க வேண்டிய பொருளே இல்லாமல் போய்விடும். இந்திய நிலப்பரப்பில் அதற்குத் தகுந்த இடம் தீபகற்பத்தின் தென்முனை மட்டுமே.

இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிக்குக் கிழக்கே கிருஷ்ணாபுரத்தில் நிலநடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வகத்தை நடத்துகின்றது. காந்தமானிகளுடன், 1.98 மெகாஹெர்ட்சு அதிர்வெண்ணில் இயங்கும் ரேடார் ஒன்றும் 1992 நவம்பரில் இங்கே நிறுவப்பட்டது. 68 முதல் 98 கிலோமீட்டர் வரையிலான காற்றின் வேகத்தை அது அளந்தது. மின்தாரைக்குச் சற்றுக் கீழே வீசும் காற்றையும் மின்தாரையின் வலிமையையும் ஒரே இடத்திலிருந்து அறிய இதனால் முடிந்தது. பிந்தைய இந்திய ஆய்வுகளில் மின்தாரையின் அளவு பெரும்பாலும் திருநெல்வேலிக்கும் அலிபாக்குக்கும் உள்ள வேறுபாட்டாலேயே குறிக்கப்படுகின்றது.

இங்கு ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். தரைக் காந்தமானி பதிவு செய்வது முழுவதும் வானத்திலிருந்து வருவதன்று. மேலே மின்னோட்டம் மாறும்போது கீழே கடல்நீரிலும் நிலத்தடியிலும் மின்னோட்டம் தூண்டப்படுகின்றது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள கடற்பகுதியும் அதன் அடிநிலமும் இத்தகைய மின்னோட்டத்தைக் குவிக்கின்றன. திருவனந்தபுரம், அண்ணாமலைநகர் ஆகியவற்றின் செங்குத்துக்கூறுப் பதிவுகளில் தொடக்கம் முதலே காணப்பட்ட இயல்புக்கு மாறான ஏற்ற இறக்கங்கள் இதன் விளைவுகளே. மேலிருந்து வரும் பங்கையும் கீழிருந்து வரும் பங்கையும் பிரிப்பது தென் தமிழ்நாட்டில் மற்ற இடங்களை விடக் கடினம்.

ஏவூர்திகளும் செயற்கைக்கோள்களும்

மின்தாரை உண்மையில் வானில்தான் ஓடுகின்றது என்பதற்கு நேரடிச் சான்று 1949-இல் கிடைத்தது. பெரு நாட்டுக் கரைக்கு அப்பால் கப்பலிலிருந்து ஏவப்பட்ட ஏரோபீ ஏவூர்தியில் இருந்த காந்தமானி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டும்போது புலம் திடீரென மாறுவதைப் பதிந்தது. சிங்கர், மேப்பிள், போவன் ஆகியோர் இதனை 1951-இல் வெளியிட்டனர்.

இந்தியாவின் விண்வெளி வரலாறே மின்தாரையுடன் பிணைந்தது. விக்ரம் சாராபாய் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவை ஏவுதளமாகத் தெரிந்ததற்குக் காந்த நடுக்கோட்டின் அண்மையே முதன்மைக் காரணம். 1963 நவம்பர் 21 அன்று முதல் ஏவூர்தி அங்கிருந்து புறப்பட்டது. அடுத்து ஏவப்பட்ட நைக்-அப்பாச்சி ஏவூர்திகளில் காந்தமானிகள் வைக்கப்பட்டன. இந்தியாவின் மேலுள்ள மின்தாரையின் உயரமும் தடிப்பும் பற்றி அவற்றால் கிடைத்த முடிவுகளை மேனார்டு, காகில் ஆகியோர் 1965-இல் வெளியிட்டனர்.

ஏவூர்தி சில நிமிடங்களே வானில் இருக்கும். செயற்கைக்கோள் புவியைச் சுற்றிச் சுற்றி வரும். ஆனால் 105 கிலோமீட்டரில் காற்றின் உராய்வால் செயற்கைக்கோள் நிலைத்திருக்க இயலாது என்பதால், அது மின்தாரைக்கு மேலே நின்றே அளக்க வேண்டும். அங்கிருந்து பார்க்கையில் குறி மாறிவிடுகின்றது. தரையில் புலத்தை உயர்த்தும் அதே மின்னோட்டம், அதற்கு மேலே செல்லும் செயற்கைக்கோளுக்குப் புலத்தைத் தாழ்த்துகின்றது. காந்த நடுக்கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பள்ளம் பதிவாகும். 1960களின் பிற்பகுதியில் ஓஜிஓ வரிசைச் செயற்கைக்கோள்கள் இப்பள்ளத்தைப் பதிந்தன. 1979 முதல் 1980 வரை இயங்கிய மாக்சாட் விடியலையும் அந்தியையும் ஒட்டிய பாதையில் சுற்றியதால், நண்பகல் மின்தாரையைக் காணும் வாய்ப்பு அதற்கு இல்லை. 1999-இல் ஏவப்பட்ட டென்மார்க்கின் எர்ஸ்டெட், 2000 முதல் 2010 வரை இயங்கிய செருமனியின் சாம்ப், 2013 நவம்பர் 22 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய மூன்று சுவார்ம் செயற்கைக்கோள்கள் ஆகியவையே மின்தாரையின் உலகப் படத்தைத் தீட்டின.

அப்படத்தின்படி மின்தாரை எங்கும் ஒரே வலிமை உடையதன்று. தென் அமெரிக்காவில் மிகுதியாகவும் இந்தியாவில் அதனினும் குறைவாகவும் உள்ளது. பெருவில் புவியின் காந்தப்புலம் வலிமை குன்றியிருப்பது இதற்கு முதன்மைக் காரணம். புலம் குறைந்த இடத்தில் கடத்துதிறன் கூடும். இதற்கு மேல், உலகைச் சுற்றிப் பார்க்கையில் நான்கு மேடுகள் கொண்ட ஏற்ற இறக்கமும் சாம்ப் தரவுகளில் காணப்பட்டது. வெப்பமண்டல மழை மேகங்கள் வெளியிடும் வெப்பத்தால் எழும் ஓதங்கள் மேலே சென்று மின்தாரையை மாற்றுகின்றன என்பது இதன் விளக்கம். 2019 முதல் 2022 வரை இயங்கிய நாசாவின் ஐகான் செயற்கைக்கோள், இக்காற்றுகளை மேலிருந்து நேரடியாக அளந்து இத்தொடர்பை வலுப்படுத்தியது.

செயற்கைக்கோள்கள் வந்தபின் தரை நோக்ககங்கள் தேவையில்லை எனச் சிலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. தாழ்ந்த பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் உலகைச் சுற்றிவிடுகின்றது; கோவில்பட்டியின் தீர்க்கக்கோட்டில் மின்தாரையைக் கடப்பதற்கு அதற்குச் சில நிமிடங்களே ஆகும். மீண்டும் அதே தீர்க்கக்கோட்டுக்கு அதே நேரத்தில் வர நாட்கள் ஆகலாம். இடையில் மின்தாரை எழுந்ததா, வீழ்ந்ததா, திசை மாறியதா என்பதைச் செயற்கைக்கோள் அறியாது. நிமிடந்தோறும் பதியும் தரைக் காந்தமானிக்கு அது தெரியும். ஆனால் அதற்கு வேறு ஊர் தெரியாது. துருவப் பகுதியிலும் நிலை இதுவே. பாஸ்ட் செயற்கைக்கோள் பதிந்த முடுக்கம் எந்த ஒளி வளைவுக்கு மேலே நிகழ்ந்தது என அறியத் தரையிலிருந்து எடுத்த படங்களே உதவின.

எதிர் மின்தாரை

சில நாட்களில் பகலிலேயே மின்னோட்டம் திசை மாறி மேற்கு நோக்கிப் பாய்வதுண்டு. எத்தியோப்பியாவின் அடிசு அபாபாவில் கூவென் என்பவர் இதனை 1962-இல் கவனித்தார். 1967-இல் அவரும் மயோவும் இதற்கு எதிர் மின்தாரை எனப் பெயரிட்டனர். அமைதியான நாட்களிலும் இது நிகழ்வதால், காந்தப் புயலை மட்டும் காரணமாகக் கூற முடியாது. அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி இது மிகுதியாகத் தோன்றுவது, கடலில் ஓதம் எழுப்பும் நிலவு வளிமண்டலத்திலும் ஓதம் எழுப்புவதைக் காட்டுகின்றது. வட துருவத்தின் மேல் அடுக்குமண்டலம் குளிர்காலத்தில் திடீரென வெப்பமடையும் நிகழ்வுகளின்போது இது வலுக்கின்றது. இத்தொடர்பைக் காட்டிய ஆய்வுகளுள் திருநெல்வேலியின் ரேடார், காந்தமானித் தரவுகளைக் கொண்டு 2009-இல் வெளியானதும் ஒன்று. ஆர்க்டிக் காற்று சூடானால் திருநெல்வேலிக்கு மேல் மின்னோட்டம் திரும்புகின்றது என்பது முதலில் கேட்போருக்கு வியப்பளிக்கும்.

2010 ஜனவரி 15 அன்று கங்கண சூரிய கிரகணம் தமிழ்நாட்டின் தென்முனையைக் கடந்தது. கன்னியாகுமரிப் பகுதியில் வளைய நிலை ஏறத்தாழ 10 நிமிடங்கள் நீடித்தது. பிற்பகலில் நிகழ்ந்த இக்கிரகணத்தின்போது மின்தாரை வலிமையாகத் திசை மாறியது தரைக் காந்தமானிகளில் பதிவாயிற்று. தும்பாவிலிருந்து ஏவூர்திகளும் செலுத்தப்பட்டன. நிலவின் நிழல் கடத்துதிறனைக் குறைத்தது எதிர்பார்க்கப்பட்டதே. மின்னோட்டம் வெறுமனே குறையாமல் திசையே மாறியதற்கு, நிழலின் ஓரங்களில் ஏற்பட்ட மின்புல மாற்றங்கள் காரணமாகக் கூறப்படுகின்றன.

காந்தப் புயல்கள்

துருவப் பகுதியும் காந்த நடுக்கோடும் கைகோக்கும் இடம் இது. சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பும்போது காந்தக்கோளத்துக்குள் ஆற்றல் பாய்கின்றது. துருவ ஒளி வலயத்தில் மின்துகள் முடுக்கம் கூடி, மின்தாரைகள் வலுக்கின்றன. அங்கு எழும் மின்புலம் அங்கேயே நின்றுவிடுவதில்லை. உவான்காயோவின் காந்தப் பதிவுகளில் உள்ள ஏற்ற இறக்கங்கள் துருவப் பகுதியின் ஏற்ற இறக்கங்களோடு ஒன்றியிருப்பதை நிசிதா 1968-இல் காட்டினார். தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் இடைப்பட்ட வெளி ஓர் அலைக்குழாயைப் போலச் செயல்பட்டு, மின்புலத்தை ஏறக்குறைய அக்கணமே நடுக்கோட்டுக்குக் கொண்டுவருகின்றது என 1978-இல் கிக்குச்சியும் அராக்கி முதலியோரும் விளக்கினர். பகலில் இவ்வாறு வரும் மின்புலம் கிழக்கு நோக்கியதாயின் மின்தாரை திடீரென வலுக்கும். சூரியக் காற்றின் புலம் வடக்கே திரும்பினால் எதிர்த்திசை மின்புலம் மேலோங்கி எதிர் மின்தாரை தோன்றலாம். சில மணி நேரம் கழித்து இன்னொரு விளைவும் வந்து சேரும்: துருவப் பகுதியில் சூடான காற்று நடுக்கோட்டை நோக்கி வீசத் தொடங்கி, வழக்கமான மின்புலத்துக்கு எதிரானதை உருவாக்குகின்றது. இதனை 1980-இல் பிளாங்க், ரிச்மண்ட் ஆகியோர் விவரித்தனர்.

எனவே நண்பகலில் எட்டயபுரத்தின் காந்தமானி துடிக்குமாயின், அதன் காரணம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நார்வேக்கோ அலாஸ்காவுக்கோ மேலே இருக்கக்கூடும். 1859 செப்டம்பர் 2 அன்று கொலாபா நோக்ககத்தில் கிடைக்கூறு ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா வீழ்ந்த பதிவு, அறியப்பட்ட மாபெரும் புயலின் அரிய சான்றாகும். அவ்வீழ்ச்சியின் எவ்வளவு வளைய மின்னோட்டத்தால், எவ்வளவு மேலுள்ள வேறு மின்னோட்டங்களால் என்பது இன்றும் விவாதிக்கப்படுகின்றது. 2024 மே 10, 11 ஆகிய நாட்களின் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. 2024 ஜனவரி 6 முதல் புவியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிலைகொண்டுள்ள ஆதித்யா-எல்1, தன் துகள் அளவிகளால் அப்புயலின் சூரியக் காற்றை அளந்தது.

பயன்பாடு

மின்தாரையை உருவாக்கும் அதே கிழக்கு நோக்கிய மின்புலம், அதற்கு மேலுள்ள மின்மப் படலத்தை உயரே தூக்குகின்றது. உயர்ந்த மின்மம் காந்தக் கோடுகளின் வழியே இருபுறமும் சரிந்து, காந்த நடுக்கோட்டுக்கு 15 பாகை அளவில் வடக்கிலும் தெற்கிலும் குவிகின்றது. இதனை ஊற்று விளைவு என்பர். இந்தியாவில் வடக்குக் குவிவு நாட்டின் நடுப்பகுதியிலும் குசராத்திலும் அமைகின்றது. செயற்கைக்கோள் வழிகாட்டுக் குறிகைகள் இக்குவிவைக் கடக்கும்போது தாமதமடைகின்றன. இடக் கணிப்பில் பல மீட்டர் பிழை ஏற்படுகின்றது. விமானங்களுக்கு வழிகாட்டும் இந்தியாவின் ககன் அமைப்பை உருவாக்கியோர் எதிர்கொண்ட பெருஞ்சிக்கல் இதுவே ஆகும். காலையில் திருநெல்வேலியில் அளக்கப்படும் மின்தாரையின் வலிமையைக் கொண்டு, அன்று பிற்பகல் வடக்கே குவிவு எவ்வளவு இருக்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கூற இயலும்.